ஜெயசீலி டீச்சரின் இருபது இலக்கங்கள்

ஏழுமலை சார் தொலைபேசியில் அழைத்தபோது நான் பாகூர்க் கடைத்தெருவில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளியின் விளையாட்டு ஆசிரியர் அவர். மைதானத்தில் விசில் ஊதினால் அடுத்த ஊர் மாடு திரும்பிப் பார்க்கும். அப்படிப்பட்டவருக்கு அன்று குரலே எழும்பவில்லை. "டீச்சர், நம்ம கணக்கு டீச்சர் போயிட்டாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பள்ளியில் கணக்கு எடுப்பவர்கள் நான்கைந்து பேர் உண்டு. ஆனாலும் யார் என்று நான் கேட்கவில்லை. நம்ம கணக்கு டீச்சர் என்றால் ஜெயசீலி டீச்சர்தான். கையில் இருந்த காயைப் பார்த்தபடியே நின்றேன். காய்க்காரம்மா, "இன்னா டீச்சர், சொத்தையா?" என்று கேட்டார். காயைக் கூடையிலேயே போட்டுவிட்டு நடந்தேன்.

இதை அவரை அறிந்தவர்களுக்காக எழுதுகிறேன். அதாவது, அவரிடம் எண் வாங்கியவர்களுக்காக. அறியாதவர்கள் படித்தாலும் பாதகமில்லை. இருந்திருந்தால் உங்களுக்கும் ஒன்றைக் கொடுத்து, "போயி வகுத்துட்டு வா" என்று அனுப்பியிருப்பார். கண்ணீர் விட்டு எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். பாதியிலேயே சிரிப்பு வந்துவிடுகிறது. அதற்கு நான் பொறுப்பில்லை, அவரே பொறுப்பு.

நான் தமிழாசிரியையாக அந்தப் பள்ளியில் சேர்ந்த அன்று முதலில் கண்ணில் பட்டது ஆசிரியர் அறையின் கரும்பலகைதான். அதன் மேல் ஓரத்தில் 12345678910987654321 என்று சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தது. அதன் கீழே ஓர் எச்சரிக்கை: "அழிப்பவர் இரண்டால் வகுக்கப்படுவார்." யார் இந்தக் குறும்பு என்று நான் திரும்பிப் பார்த்தபோது, மூலை மேசையில் ஒரு பெண்மணி சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். வஞ்சிர மீன் வாசம் அறை முழுவதும் இருந்தது.

"ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் ஏறிப் போ. அப்புறம் ஒம்போது, எட்டுன்னு எறங்கி வா. அவ்ளோதான் நம்பரு. ஆனா இத ஒண்ணாலயும், இதாலயும் தவிர வேற எதாலயும் மீதி இல்லாம வகுக்க முடியாது. பகா எண்ணு. உன் வயசு இன்னா?"

முதல் சந்திப்பிலேயே ஒரு பெண்ணிடம் வயது கேட்கிறாரே என்று எனக்குக் கோபம். இருந்தாலும் முப்பத்தேழு என்று சொன்னேன்.

"அடி சக்க! அதுவும் பகா எண்ணு. இனிமே முப்பத்தேழு உன்னுது. வகுத்து மீதி இன்னா வருதுன்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லு."

நான் பத்தாம் வகுப்புக் கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறியவள். எனக்குத் தெரிந்ததெல்லாம் பகாப்பதம்தான், பகா எண் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "பிரிச்சா அர்த்தம் போயிடும், அதானே பகாப்பதம்? அப்ப பாதி கணக்கு உனக்குத் தெரியுது, தமிழு" என்றார். அன்றிலிருந்து நான் அவருக்குத் தமிழு. என் பெயரை அவர் வாயால் கேட்டதாக நினைவே இல்லை.

நீட்டு வகுத்தலுக்கு நான் பயந்ததைப் பார்த்து எனக்கு ஒரு குறுக்கு வழி சொல்லித் தந்தார். வலது பக்கத்திலிருந்து மூன்று மூன்று இலக்கமாக வெட்ட வேண்டும். வெட்டிய துண்டுகளைக் கூட்ட வேண்டும். வந்த விடை பெரிதாக இருந்தால் அதையும் அப்படியே வெட்டிக் கூட்ட வேண்டும். கடைசியில் நிற்பதை மட்டும் முப்பத்தேழால் வகுத்தால் போதும். "ஏன்னா, முப்பத்தேழு இருவத்தேழு தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்போது" என்றார், அதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும் என்பதைப் போல. வெட்டினேன். 321, 654, 987, 910, 678, 345, 12. கூட்டினால் 3907. மூன்றையும் 907-ஐயும் கூட்டினால் 910. நட்ட நடுவில் நின்ற துண்டே கடைசியில் விடையாகவும் வந்து நின்றது எனக்கு வேடிக்கையாக இருந்தது. 910-ஐ முப்பத்தேழால் வகுத்தேன். மீதி இருபத்திரண்டு. கணக்கில் எனக்கு ஒன்று சரியாக வந்ததற்காகக் கை தட்டியவர் உலகத்திலேயே ஜெயசீலி டீச்சர் ஒருவர்தான்.

இப்படித்தான் எல்லோருக்கும் ஓர் எண் போனது. தலைமை ஆசிரியருக்கு இரண்டு. "பகா எண்ணுல ரெட்டப்படை அது ஒண்ணுதான் சார். உங்கள மாரி தனியா நிக்குது" என்றதும் அவர் மகிழ்ந்துபோனார். அவரைச் சாப்பாட்டுக்கு யாரும் கூப்பிடுவதில்லை என்பதை டீச்சர் சொல்லிக் காட்டியது அவருக்கு உறைக்கவில்லை. ஆனால் அடுத்த நாளிலிருந்து அவரும் எங்களோடு வந்து சாப்பிட ஆரம்பித்தார். ஏழுமலை சாருக்கு ஏழு என்பதில் விவாதமே இல்லை. அவர் மைதானத்து மண்ணில் குச்சியால் வகுத்து, மீதி ஐந்து என்று அங்கிருந்தே கத்தினார்.

ஜெயசீலி டீச்சரின் ஊர் பூரணாங்குப்பம். அங்கே மாதா கோயிலில் பூசைக்குப் போனாலும் பாடல் எண் எழுதும் பலகையில்தான் கண் இருக்கும். பகா எண் வந்துவிட்டால் அந்தப் பாட்டைக் கூடுதல் சத்தத்தில் பாடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்குத் தந்தை கூப்பிட்டு, "இன்னாம்மா, சில பாட்டுக்கு மட்டும் அப்படிக் கத்துற?" என்று விசாரித்தார். விஷயத்தைச் சொன்ன கையோடு டீச்சர் அவருக்கும் ஓர் எண் கொடுத்துவிட்டார். "மூணு உங்களுக்குத்தான் ஃபாதர். வேற யாருக்குக் குடுக்க முடியும்?" அவர் அங்கேயே ஒரு தாளில் இலக்கங்களைக் கூட்டினார். மொத்தம் தொண்ணூற்றொன்று. மூன்றால் வகுத்துவிட்டு, "மீதி ஒண்ணு வருதும்மா" என்றார். "பின்ன? பிதா, சுதன், ஆவின்னு மூணுன்னாலும் கடைசில ஒண்ணுதானே ஃபாதர்" என்றார் டீச்சர். அடுத்த வாரப் பிரசங்கத்தில் இந்தக் கணக்கு வந்தது. யார் சொன்னது என்பது மட்டும் வரவில்லை. டீச்சருக்கு அதில் ஒரு மனக்குறையும் இல்லை. "ஆனா இந்தத் தொண்ணூத்தொண்ணக் கண்டா மட்டும் ஜாக்கிரத தமிழு" என்பார். "பாத்தா பகா எண்ணு மாரியே நிக்கும். உள்ள ஏழும் பதிமூணும் காலு நீட்டிப் படுத்துக்கினு இருக்கும்."

அந்தப் பெரிய எண்ணைப் பற்றி எனக்கும் அவருக்கும் ஒரே ஒரு சண்டை வந்தது. அழகு என்று பார்த்தால் ஒன்பதோடு திரும்புவதுதான் அழகு என்றேன் நான். 12345678987654321. எந்தப் பக்கம் இருந்து படித்தாலும் ஒன்றுதான். நடுவில் எதற்கு அந்தப் பத்து? ஓரிலக்க வரிசையில் ஓர் ஈரிலக்கம் புகுந்து ஓசையே கெடுகிறது. அவர் எப்போதும் சண்டையைச் சிரித்தே முடிப்பவர், அன்று மட்டும் எழுந்து நின்றுவிட்டார். "நீ சொல்றது ஒண்ண ஒம்போது தடவ பக்கத்துல பக்கத்துல எழுதி, அத அதாலயே பெருக்குனா வர்ற நம்பரு. லட்சணமாத்தான் இருக்கும். ஆனா சில்லு சில்லா ஒடையும். அந்தப் பத்து நடுவுல வந்து குந்துன ஒடனேதான் அதுக்கு முதுகெலும்பு வருது. லட்சணம் கொஞ்சம் கொறஞ்சாலும் நிமிந்து நிக்குது பாரு." அப்படியும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் தன் டப்பாவிலிருந்து ஒரு துண்டு மீனை எடுத்து என் டப்பாவில் வைத்தார். நான் ஒப்புக்கொண்டேன்.

ஒருமுறை பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி வந்து கேட்டாள். இந்த எண் பகா எண்தான் என்று கணினி எப்போதோ சொல்லிவிட்டது, பிறகு ஏன் மிஸ் ஆள் ஆளுக்கு வகுக்க விடுகிறீர்கள்? நியாயமான கேள்விதான். கையால் வகுத்தே நிரூபிப்பது என்றால் சுமார் முந்நூற்றைம்பது கோடி வரைக்கும் உள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்தாக வேண்டும். எங்கள் ஆசிரியர் அறையை நம்பி அதில் இறங்க முடியாது. கைப்பேசியில் வகுக்கலாம் என்றாலோ, இருபது இலக்கத்தைக் கண்டதும் அது கடைசி இலக்கங்களை விழுங்கிவிடுகிறது. டீச்சர் அந்தப் பெண்ணிடம் கேட்டார். "கடலு உப்புன்னு உனக்குத் தெரியுமில்ல? தெரிஞ்சுக்கினே நல்லவாட்டுக் கடக்கரைக்குப் போனா ஒரு சொட்டு நாக்குல வெச்சுப் பாக்கறியா இல்லியா?" அவள் சிரித்துவிட்டு, எனக்கும் ஒன்று கொடுங்கள் மிஸ் என்றாள். எழுபத்தொன்றை வாங்கிக்கொண்டு போனாள்.

ஊருக்கெல்லாம் எண் கொடுத்தவர் வீட்டில் ஒருவருக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. அவருடைய கணவர் அந்தோணி அண்ணனுக்கு நல்லவாட்டில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் வேலை. அதிகம் பேசாதவர். கல்யாணமான புதிதில், எனக்கு என்ன நம்பர் என்று கேட்டிருக்கிறார். "உனக்கு ஒண்ணு" என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். அவரும் சந்தோஷமாக வைத்துக்கொண்டார். வருடங்கள் கழித்து, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வீட்டுப்பாடம் சொல்லித் தரும்போது பாடப் புத்தகத்தைப் பார்த்திருக்கிறார். 'ஒன்று பகா எண்ணும் அல்ல, பகு எண்ணும் அல்ல' என்று அதில் போட்டிருந்ததாம். அன்று மூண்டது. நான் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோதெல்லாம் இந்த வழக்கு என்னிடம் வரும். "பாருங்க டீச்சர், ஃபாதருக்கு மூணு, ஹெச்.எம்முக்கு ரெண்டு. கட்டுன புருசனுக்கு மட்டும் சேத்தியிலயே இல்லாத ஒண்ணு." டீச்சர் அடுப்படியிலிருந்து சிரிப்பாரே தவிர ஒரு தடவைகூடப் பதில் சொன்னதில்லை. குழம்பை இன்னும் ஒரு கரண்டி ஊற்றுவார். அண்ணன் சிரிப்பார். ஆனால் அது முழுச் சிரிப்பு இல்லை என்பது எனக்குத் தெரியும்.

பணி ஓய்வுக்குப் பிறகு உடம்பு அவரைப் படுத்திவிட்டது. மருத்துவமனையில் பார்க்கப் போனபோது என்னை நலம் விசாரிக்க விடவில்லை. ஊசி போடும் பெண் நூற்றொன்றால் வகுத்து மீதி பத்தொன்பது கொண்டுவந்த கதையைத்தான் சொன்னார். அப்போதே அண்ணனிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தார். எங்கள் பக்கத்தில் துக்கம் என்றால் தெருமுனையில் படத்தோடு பேனர் வைக்காமல் இருக்க மாட்டார்கள். "என் போட்டோவுக்குக் கீழ வசனம் வேணாம்பா. வசனத்த ஃபாதர் சொல்லிக்குவாரு. நம்பரப் போடு. தப்பில்லாம போடு." வேறு எதையுமே அவர் கேட்கவில்லை.

அடக்கத்தன்று காலையில் நானும் ஏழுமலை சாரும் போய்ச் சேர்ந்தபோது தெருமுனையில் சவுக்குக் கழி நட்டு பேனர் கட்டியிருந்தார்கள். படத்தில் டீச்சர், அதே டப்பா திறந்த சிரிப்பு. கீழே பெரிய எழுத்தில் எண். கண் கலங்கி நின்றாலும் பழக்கம் விடுமா? மனதுக்குள் மூன்று மூன்றாக வெட்டினேன். கூட்டினால் 2997. இரண்டையும் 997-ஐயும் கூட்டினால் 999.

மறுபடி கூட்டினேன், அதேதான். முப்பத்தேழு இருபத்தேழு தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. மீதி பூச்சியம். இத்தனை வருடங்களில் ஒருநாளும் வராத பூச்சியம்.

"சார், வகுபடுது சார்" என்றேன். அவர் ஒன்றும் கேட்காமல் குனிந்து, தெரு மண்ணில் விரலால் வகுத்தார். "எனக்கு அஞ்சு வரணும் டீச்சர். ஒண்ணு வருது." இருவரும் மறுபடி நிமிர்ந்து பார்த்தோம். அப்போதுதான் கண்ணில் பட்டது. 321, 654, 987, அடுத்து நேரே 678. நடுவில் இருந்த 910-ஐக் காணவில்லை. எண் ஒன்பதிலேயே திரும்பிவிட்டது. எந்த எண்ணுக்காக நான் சண்டை போட்டேனோ அதே லட்சணமான எண், அவர் படத்துக்குக் கீழேயே நின்றுகொண்டிருந்தது.

நாங்கள் மேலே கை காட்டிப் பேசுவதைப் பார்த்து அண்ணன் பெட்டியின் பக்கத்திலிருந்து எழுந்து வந்தார். மறைக்க முடியவில்லை. பத்து விட்டுப்போயிருக்கிறது அண்ணா என்று சொன்னேன். அவர் பேனரையே பார்த்தார். "நான் எழுதித்தான் குடுத்தேன் டீச்சர். பத்தும் எழுதினேன்." பிறகு அப்படியே தெருவோரம் உட்கார்ந்துவிட்டார். "இத்தன வருசத்துல இது ஒண்ணுதான் கேட்டா. அதயும் தப்பாப் பண்ணிட்டேனே."

ஏழுமலை சார் பேனர் கடைக் குமரனைத் தொலைபேசியில் பிடித்தார். இந்தத் தடவை அவருக்குக் குரல் எழும்பியது. குமரன் அலறியடித்துக்கொண்டு வண்டியில் வந்து இறங்கினார். "பத்து எழுதியிருந்துச்சுதான் டீச்சர். ஒண்ணு ரெண்டுன்னு ஒத்த ஒத்தையா வந்துக்கினே இருக்கு, நடுவுல மட்டும் ஒண்ணும் பூச்சியமும் நிக்குது. அண்ணன் துக்கத்துல தடுமாறி எழுதிட்டாரு, அவரக் கூப்ட்டு வேற கேக்கணுமான்னு நானே சரிபண்ணேன். ரெண்டு பக்கமும் சமமா, கோலத்துக்குப் புள்ளி வெச்சாப்ல வந்துச்சு. நல்லது செய்யறேன்னு நெனச்சேன்." அவர் கண்ணில் நீர் நின்றது. அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? நானும் ஒன்பதின் கட்சிதானே.

நான்கு மணிக்குக் கோயிலுக்கு எடுக்க வேண்டும். முழு பேனரும் புதிதாக அடிக்க நேரம் இல்லை. எண்ணை மட்டும் ஒரு நீள ஒட்டுப் பட்டையில் அச்சடித்து மதியத்துக்குள் குமரன் கொண்டுவந்தார். ஏழுமலை சார் ஏணியில் ஏறினார். நான் கீழே நின்று சரிபார்க்க வேண்டும். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று நான் படிக்க, அவர் இடமிருந்து வலமாகத் தேய்த்து ஒட்டிக்கொண்டே போனார். எங்கள் பழைய மாணவர்கள் நிறைய பேர் அங்கே நின்றிருந்தார்கள். நான்கு, ஐந்து வருவதற்குள் அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எட்டு, ஒன்பது. தெருப் பெண்களும் சேர்ந்துவிட்டார்கள். பத்து என்ற சொல் வந்தபோது பந்தல் முழுக்கக் குரல். பிறகு ஒன்பது, எட்டு என்று எல்லோரும் சேர்ந்து இறங்கினோம். ஒன்றில் வந்து நின்றதும் யாரோ கை தட்டிவிட்டார்கள். துக்க வீட்டில் கை தட்டுவதா என்று எல்லோரும் ஒரு கணம் விழித்தோம். அதற்குள் பங்குத் தந்தை வந்துசேர்ந்தார். நிமிர்ந்து பார்த்து உதடு அசைத்துக் கூட்டிவிட்டு, "மீதி ஒண்ணு. சரியா இருக்குது" என்றார். ஏழுமலை சார் ஏணியிலிருந்தே "அஞ்சு!" என்று கத்தினார். "இருபத்திரண்டு" என்றேன் நான். "பத்தொம்போது" என்று கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல். மருத்துவமனைப் பெண். அதன் பிறகு யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாக என் பக்கத்தில் வந்து நின்றார். "எல்லாருக்கும் ஒரு மீதி விட்டுட்டுப் போயிருக்கா டீச்சர். எனக்குத்தான் ஒண்ணும் இல்ல."

அவரும் எத்தனையோ வருடங்களாக இந்த வழக்கை என்னிடம் கொண்டுவருகிறார். நானும் எத்தனையோ வருடங்களாகக் கேட்கிறேன். தீர்ப்பு எனக்கு அந்த நிமிடத்தில்தான் விளங்கியது. முதல் நாளே டீச்சர் என்னிடம் சொல்லியிருந்ததுதான்.

"அண்ணா, உங்க நம்பரால வகுத்துப் பாருங்க."

"ஒண்ணாலயா? அதே நம்பர்தான் வரும்."

"மீதி?"

"மீதி ஏது? முழுசாப் போயிடும்."

"எங்க யாருக்கும் அது முழுசாப் போகலண்ணா. ஆளுக்கு ஒரு மீதிதான் கெடச்சுது. ஃபாதருக்கும் அப்படித்தான். அது முழுசாப் போறது ரெண்டே நம்பருக்கு. ஒரு நம்பர் அதுவேதான். இன்னொரு நம்பர அவங்க உங்களுக்குக் குடுத்துட்டாங்க."

அவர் படத்தைப் பார்த்தார். "கேடிடி நீ" என்றார் படத்திடம். "கேக்கறப்பல்லாம் கொழம்பு ஊத்தி மழுப்பிட்ட பாரு." கண்ணிலிருந்து நீர் கொட்டுகிறது, ஆள் சிரிக்கிறார். இந்தத் தடவை அது முழுச் சிரிப்பு.

குமரனுக்கு நான் அங்கேயே ஒரு தண்டனை கொடுத்தேன். நாற்பத்தொன்று. மறுநாள் கடை திறந்ததும் அழைத்தார். "மீதி முப்பத்தொண்ணு டீச்சர், கையாலயே போட்டேன்!" பரிசு வாங்கியவர் குரல் அது. அவருக்காகக் கை தட்டினேன். கை தட்டுவதையும் ஜெயசீலி டீச்சரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன் போலிருக்கிறது.

ஆசிரியர் அறைக் கரும்பலகையில் அந்த எண் மங்கும்போதெல்லாம் இப்போது நான்தான் மேலெழுதுகிறேன். பத்தை மட்டும் கொஞ்சம் அழுத்தி எழுதுவேன். என் வயது முப்பத்தேழை விட்டு எவ்வளவோ தூரம் வந்துவிட்டது. ஆனாலும் அந்த எண்ணை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. புதிதாகச் சேர்ந்த வரலாற்று ஆசிரியர் நேற்று பலகையைப் பார்த்துவிட்டு, இது என்ன மேடம் என்று கேட்டார். நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே அவர் வயதைக் கேட்டேன்.

இன்றும் வகுத்துப் பார்த்தேன், டீச்சர். இருபத்திரண்டு.